டெம்பரேச்சர் சிஸ்டரின் கிராஃபிக்ஸ் கார்டு

உலகத்திலேயே கிராஃபிக்ஸ் கார்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த ஒரே ஆள் டெம்பரேச்சர் சிஸ்டர்தான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதலாம். இன்னொரு ஆள் இருப்பதாக நிரூபித்துவிட்டால், அந்த ஆளையும் நேரில் போய்ப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ். கறம்பக்குடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். வார்டுக்குள் கால் வைத்ததும் "டெம்பரேச்சர் பாத்தாச்சா?" என்றுதான் குரல் வரும். நோயாளிக்குப் பார்ப்பார், துணைக்கு வந்தவருக்குப் பார்ப்பார், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவருக்கும் பார்ப்பார். ஒரு தடவை டீ கொண்டுவந்த மாஸ்டருக்கு நூற்றிரண்டு இருப்பதைக் கண்டுபிடித்து, அதே வார்டில் அதே நிமிஷம் படுக்க வைத்துவிட்டார். கிளாஸ்கள் திரும்பி வரவில்லையே என்று தேடிவந்த கடை முதலாளியின் வாயிலும் தெர்மாமீட்டர் இருந்ததாகச் சொல்வார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது நான் புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். கொரோனா அடங்கி, கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த சமயம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். மீதிப் பேர் பக்கத்துக் கடை எப்போது திறக்கும் என்று கேட்க வருவார்கள். ஆகவே எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம் இருந்தது. அந்த நிலைமையில்தான் ஒரு நாள் காட்டன் புடவையும் குடையுமாக சிஸ்டர் வந்து நின்றார்.

"தம்பி, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும்."

"பையன் என்ன படிக்கிறாங்க?"

"பையனா? எனக்கு ஒரே மக. அவ பெங்களூர்ல வேலை பாக்குறா. அவளுக்கு இதெல்லாம் புடிக்காது. கார்டு எனக்குத்தான்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "என்ன கேம் வெளையாடுவீங்க?"

"லாரி ஓட்டுவேன்."

விஷயம் இதுதான். சிஸ்டரின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரெய்லர் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். கொரோனாவில் அதுவும் போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் அவர்களுக்கு லாரி ஓட்டும் விளையாட்டைக் கற்றுக் கொடுத்திருக்கிறான். வெளிநாட்டுச் சாலைகள், மலை, மழை எல்லாம் அதில் உண்டு. இன்டர்நெட் இருந்தால் இரண்டு பேர் இரண்டு நாட்டிலிருந்து ஒரே சாலையில் இரண்டு லாரிகளை ஓட்டலாம். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அறையில் கூட இருப்பவர்கள் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுவார்கள். நம் ஊர் நேரத்தில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அறையும் வைஃபையும் அவர் ஒருவருக்கே சொந்தம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வாரத்துல ஆறு நாளும் அங்கிட்டு லாரிதானே ஓட்டுறாரு? லீவு நாள்லயும் லாரியா?"

"அந்த லாரில பக்கத்து சீட்டு காலியா கெடக்கும் தம்பி. இதுல பக்கத்து லாரில நான் வாரேன்ல."

நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். சிஸ்டரே தொடர்ந்தார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் நாலு மரம் சேர்ந்தாற்போல் வந்தாலே திணறிப் படத்தை நிறுத்திவிடுமாம். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். லாரி பின்தங்கிப் போகும். வீட்டுக்காரர் அடுத்த பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டிக் காத்திருப்பார்.

"பாவம், அந்த மனுசன் பாதி நேரம் பங்க்குலயே நிக்கிறாரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரூமுக்கு ஆளுக வந்துருவாக. இன்னும் ரெண்டு மாசத்துல எங்களுக்குக் கல்யாண நாளு, இருவத்தஞ்சாவது. வெள்ளிக்கிழமைதான் வருது. பனி மலையெல்லாம் தாண்டிப் போற ரோடு ஒண்ணு இருக்கு, கடேசியில கடல் வரும். அந்த ரோட்டுல ஒரு எடத்துல கூட நிக்காம அவரு பக்கத்துலயே போகணும். அம்புட்டுதான் தம்பி."

திரையில் படத்தை ஓடவைப்பது இந்தக் கார்டுதான். ஆனால் புதுக் கார்டு கிடைக்காத காலம் அது. கார்டுகளைக் கணக்குப் போடவைத்து டிஜிட்டல் காசு சம்பாதிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், அறை அறையாக அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஓட்டிக் களைத்துத் தள்ளிவிட்டதுதான் எங்களுக்கு வரும். திருச்சியிலிருந்து அப்படி மூன்று கார்டுகளை வரவழைத்தேன்.

அவை வந்த அன்று சிஸ்டர் கைப்பையிலிருந்து ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து, முதல் கார்டைக் காட்டினார். "இதுக்கு என்ன வயசு?"

"ரெண்டு இருக்கும்."

"முன்னாடி என்ன வேலை பாத்துச்சு?"

"டிஜிட்டல் காசு எடுக்க ராத்திரி பகலா ஓட்டியிருக்காங்க."

"லீவே இல்லாமயா?"

"லீவே இல்லாம."

இருபத்திரண்டு வருஷம் நைட் டியூட்டி பார்த்தவருக்கு மட்டும் வரக்கூடிய ஒரு பார்வையோடு அந்தக் கார்டைப் பார்த்து, "பாவம்" என்றார்.

பிறகு திருகாணிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏற்கெனவே தெறந்து பாத்துருக்காங்க. தையல் தடம் தெரியுது." அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன சம்பவம் நடந்தது. கார்டுகளை ஓடவிட்டு, காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, ஒவ்வொரு காற்றாடிக்குப் பக்கத்திலும் வைத்துக் கேட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்று பார்த்தார்கள். இரண்டாவது கார்டில் கரகரவென்று சத்தம். "இதுக்கு நெஞ்சுச் சளி" என்று ஒதுக்கினார். மூன்றாவதை முகர்ந்து பார்த்து, கருகிய வாசனை என்று தள்ளிவைத்தார். நான் ஆறு வருஷமாக இந்தத் தொழிலில் இருந்தவன். அந்த இரண்டும் பழுது என்று கண்டுபிடிக்க எனக்குச் சாயங்காலம் ஆயிற்று.

முதல் கார்டையும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு நாள் அட்மிட் பண்ணுங்க. அப்சர்வேஷன்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒரு சார்ட்டை மாட்டி, கார்டுக்குப் பக்கத்தில் தன் தெர்மாமீட்டரையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் போன் வரும். "பேஷன்ட் எப்படி இருக்கு? நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க, நம்பரச் சொல்லுங்க." நான், "காலையில கொஞ்சம் சூடு கூட இருந்துச்சுங்க, இப்பப் பரவால்ல" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், "வீட்ல யாருக்குத் தம்பி?" என்று விசாரித்தார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் தலையை ஆட்டிவைத்தேன். மனுஷர் போய் ஒரு இளநீர் வாங்கி வந்து கொடுத்தார்.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். சிஸ்டர் கார்டைப் பூட்டும் விதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதைப் பூத்துவாலையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டு, "கைப்பிள்ளையோட நிக்கிறாங்கள்ல" என்று சிஸ்டரை உட்கார வைத்திருக்கிறார். சிஸ்டரும் அதை மறுக்கவில்லை.

மறுநாள் காலை போன். "தம்பி, பேஷன்ட்டுக்குச் சூடு ஏகத்துக்கு எறங்கிக் கெடக்கு. கம்ப்யூட்டர்ல நாப்பத்தொண்ணுதான் காட்டுது."

அரைக்கவனமாக, "நல்லதுதானே சிஸ்டர்" என்றேன்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க, ஜில்லிட்டுப் போகுது, நல்லதுங்கிறீங்க?" போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் மறுபடி போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நார்மலுக்கு வந்துருச்சு தம்பி! தொண்ணூத்தெட்டு!"

என் கையிலிருந்த டோனர் பவுடர் முழுக்க வேட்டியில். "ஆஃப் பண்ணுங்க சிஸ்டர்!"

"நார்மல்ல இருக்கிற பேஷன்ட்ட எதுக்கு ஆஃப் பண்றது?"

லைன் கட். பைக்கை எடுத்துக்கொண்டு ஆலங்குடி வழியாகப் பறந்தேன். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி ஒரு தடித்த போர்வை, பெட்டியின் தலையில் வெந்நீர்ப் பை, அதற்கும் மேலே வேளாங்கண்ணி மாதா படம். திரையில் ஒன்றும் இல்லை. சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிட்டிருந்தது.

கம்ப்யூட்டர் காட்டுகிற டிகிரி செல்சியஸ் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஆயுசுக்கும் ஃபாரன்ஹீட்டிலேயே காய்ச்சல் பார்த்தவர் மனக்கணக்குப் போட்டார். "இருநூத்தெட்டா? அட மாதாவே, வெந்துருக்குமே!" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. போர்வையை உருவி, பெட்டியைத் தடவித் தடவி, "சொல்றதுக்கு வாய் இல்லையே ஒனக்கு" என்று மன்னிப்புக் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டைக் கழற்றினேன். நல்ல வேளை, உயிர் இருந்தது.

கழற்றியதோடு உள்ளே காய்ந்து போயிருந்த பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். சிப்பின் சூட்டைக் கடத்த ஒரு பசை தடவுவார்கள். பழையதைச் சுரண்ட நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும், சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். பஞ்சும் ஸ்பிரிட்டும் வந்தன. மூன்றே துடைப்பில் கண்ணாடி மாதிரி ஆயிற்று. புதுப் பேஸ்ட்டை நான் பிதுக்கிய அழகைப் பார்த்துவிட்டு, "ஆயின்ட்மென்ட் இப்படியா போடுவாங்க? பல் வெளக்கவா போறீங்க?" என்று ட்யூபைப் பிடுங்கி, ஒரு அரிசி அளவு வைத்தார். அன்றைக்குப் பதினோரு டிகிரி குறைந்தது.

இப்போது கார்டு நன்றாகத்தான் ஓடிற்று. ஆனால் பனி மலைச் சாலைக்கு அதன் வேகம் ஒரு மயிரிழை போதவில்லை. கம்பெனி வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே கொஞ்சம் முடுக்கலாம், அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "டோஸ் ஏத்தறது. அதானே?"

என் கடைக்கு வரும் இளவட்டங்கள் எல்லாம் வேகக் குறியைக் கடைசிவரை தள்ளிவிட்டு, ஒரு மணிநேரத்தில் பிணத்தோடு திரும்பி வருவார்கள். சிஸ்டர் பதினைந்து மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவார். அரைமணி நேரம் லாரி ஓட்டுவார். சூடு எவ்வளவு, காற்றாடி எவ்வளவு, படம் துடித்ததா என்று சார்ட்டில் எழுதுவார். திருப்தியாக இருந்தால் அடுத்த பதினைந்து. இப்படி இரண்டு வாரம். இடையில், "இதுக்கு எதுக்கு இம்புட்டு வோல்டேஜ்? கொறைச்சுப் பாப்போம்" என்று அதையும் துளித் துளியாக இறக்கினார். வேகம் அப்படியே இருந்தது, சூடு இன்னும் தணிந்தது. நான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. சிஸ்டருக்கு வார்டுப் பழக்கத்திலேயே வந்துவிட்டது. பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லாரி கிளம்பும். இரண்டரைக்குக் கம்ப்யூட்டர் பொத்தென்று அணைந்துவிடும். அடுத்த வெள்ளியும் அதே. அதற்கடுத்த வெள்ளியும் அதே. நான் விண்டோஸைக் குறை சொன்னேன், பிளக்கைக் குறை சொன்னேன், பவர் சப்ளையை மாற்றினேன். என் கடையில் வைத்தால் நாள் முழுக்க ஓடுகிற கார்டு, அவர் வீட்டில் இரண்டரைக்குப் படுத்துவிடும்.

சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை என்றில்லாமல் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். "தம்பி, இது கார்டு வியாதி இல்ல. முறைக்காய்ச்சல் மாதிரி தெனமும் ஒரே நேரத்துல வருது. சன்னலுக்கு வெளிய பாருங்க." பார்த்தேன். எதிர்க் கரும்புத் தோட்டத்தில் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அந்த லைனில் மத்தியானம் இரண்டரைக்கு. வயலுக்கு யார் நடப்பது என்று அந்த லைனில் இருந்த எட்டு மோட்டாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தார்கள். கரண்ட் வந்த நொடியில் எட்டும் ஒரே மூச்சில் எழுந்திருக்கும். வீட்டு பல்பு மங்கும். சிஸ்டரின் பழைய யூ.பி.எஸ். இந்தக் கார்டின் பாரம் தாங்காமல் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டுக் கண்ணை மூடும். பெரிய யூ.பி.எஸ். ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. கல்யாண நாள் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். சிஸ்டர் காலையிலேயே ஏழு மோட்டார்க்காரர்களிடம் பேசி முடித்திருந்தார். கரும்புத் தோட்டத்துக்காரர் மட்டும் பாக்கி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"என்னங்க சிஸ்டர், இம்புட்டுத் தூரம்?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நாலு மணி வரைக்கும் மோட்டார ஆட்டோல போடாதீங்க. எனக்குக் கல்யாண நாளு."

"அதுக்கும் எம்மோட்டாருக்கும் என்னங்க?"

"அவரோட லாரில போறேன்."

"அவரு குவைத்துல இருக்காருல்ல?"

"குவைத்துல இல்ல. பனி மலையில."

அவர் என்னைப் பார்த்தார். நான் கரும்பைப் பார்த்தேன்.

சிஸ்டர் விடவில்லை. "போன மழைக்குக் காய்ச்சல்ல கெடந்தீங்களே, ஊசி யாரு போட்டா?"

"நீங்கதான்."

"வலிச்சுச்சா?"

"தெரியவே இல்லங்க."

"அடுத்த தடவையும் தெரியக் கூடாதுல்ல?"

அவர் எழுந்து போய் சுவிட்சைத் திருப்பிவிட்டு வந்தார்.

இரண்டு மணி. கல்யாணப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கீபோர்டில் இரண்டு கை. ஸ்பீக்கரில் வீட்டுக்காரரின் குரல். "புள்ள, கெளம்பலாமா?"

"கெளம்பலாங்க. கடைக்காரத் தம்பியும் இருக்காக."

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?" என்றார் குவைத்திலிருந்து.

இரண்டு லாரிகளும் கிளம்பின. இரண்டரை ஆயிற்று. பல்பு அசையவில்லை. மலை வந்தது, பனி விழ ஆரம்பித்தது. இரண்டு நாற்பதுக்கு பல்பு லேசாக மங்கிற்று. சிஸ்டர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கரும்புக்காரரு மோட்டாரு ஓடுது தம்பி. ஓடுங்க" என்றார்.

ஓடினேன். வரப்பில் ஓடிப் பழக்கமில்லாதவன் எப்படி ஓடுவானோ அப்படி ஓடி, இரண்டு இடத்தில் சேற்றில் உட்கார்ந்து எழுந்தேன். மோட்டார் கொட்டகையில் கரும்புக்காரரின் மனைவி நின்றிருந்தார். "ஆட்டோல போட மறந்துட்டுப் போயிட்டாரு இந்த மனுசன். அதான் நான் போட்டேன்" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினேன். அதற்குள் ஆபத்து வேறு பக்கத்தில். கரும்பில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் மோட்டாரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அவரு மட்டும் ஓட்டுவாரு, நாங்க என்ன இளிச்சவாயனுகளா?" என்று ஒருவர் கத்தினார்.

வயல் நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினேன். "நிறுத்தியாச்சுங்க! நாலு மணி வரைக்கும்தாங்க!"

தெற்கு வரப்பிலிருந்து ஒரு குரல். "பனி மலை வந்துருச்சா?"

"வந்துக்கிட்டே இருக்குங்க!"

அவர்களுக்கும் அதற்கு மேல் பொறுக்கவில்லை. நான் திரும்பியபோது என் பின்னால் கரும்புக்காரரும் அவர் மனைவியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றுக் காலோடு ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். திரையில் வெள்ளை வெளேரென்ற சாலை. ஒரு சிவப்பு லாரி, அதன் பக்கத்திலேயே ஒரு நீல லாரி. ஒன்று வளைந்தால் இன்னொன்றும் வளைந்தது. பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை. "வளைவு வருது புள்ள." "பாத்துட்டேங்க." அவ்வளவுதான், ஒரு மணி நேரமாக.

மூன்றே முக்காலுக்குக் கடல் வந்தது. இரண்டு லாரிகளும் கரையோரமாக, பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"ஒரு எடத்துல கூட நிக்கலையே புள்ள" என்றார் அவர்.

"நிக்கலங்க" என்றார் சிஸ்டர்.

நாலு மணி ஆயிற்று. குவைத் அறையில் ஆட்கள் திரும்பி வந்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. வெளியே கரும்புக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இருக்கட்டும் தம்பி. நான் அஞ்சு மணிக்குப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்.

கடையை மூடி நாளாகிவிட்டது. நான் விற்ற எத்தனையோ கார்டுகளில் ஒன்றின் பெயர்கூட இன்றைக்கு ஞாபகமில்லை. அன்று கடலைப் பார்த்தபடி பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த சிஸ்டரை மட்டும் மறக்க முடியவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.